தேய்ந்துபோன .308: புதுக் குழலுக்கு எந்தத் தோட்டா?

கேள்வி, மே 11

அண்ணை, என்னிடம் இருப்பது ரெமிங்டன் 700 துப்பாக்கி, குட்டை ஆக்ஷன் (தோட்டாவை ஏற்றிப் பூட்டும் பொறிப்பகுதி), .308 வின்செஸ்டர் தோட்டா. குழல் தேய்ந்துவிட்டது. முன்பு ஒரே இடத்தில் விழுந்த சன்னங்கள் இப்போது சிதறுகின்றன. எப்படியும் புதுக் குழல் போடத்தான் வேண்டும் என்பதால் தோட்டாவையும் மாற்றலாம் என்று பார்க்கிறேன். வேட்டைக்குப் போவதில்லை. ஒன்ராறியோவில் 1000 யாரில் கடதாசி இலக்கைச் சுடுவது மட்டும்தான். கூட்டாளி ஒருவர் .300 வின்செஸ்டர் மக்னம் போடச் சொல்கிறார். 6.5 கிரீட்மோர் என்ற தோட்டா வெறும் விளம்பரம், பெரிய சன்னமும் கூடுதல் மருந்தும்தான் காற்றை வெல்லும் என்கிறார். எனக்கும் அது சரியென்றே படுகிறது.

மே 11, இரவு

.300 மக்னம் உங்கள் துப்பாக்கியில் ஏறாது, தம்பி. ஏறும்படி செய்யலாம், ஆனால் அதற்குள் பாதித் துப்பாக்கியை மாற்றியிருப்பீர்கள். .308 கோதின் (மருந்தை அடக்கிய கூட்டின்) அடிவிளிம்பு 0.473 அங்குலம், மக்னத்தின் அடிவிளிம்பு 0.532. போல்ட் முகம், அதாவது கோதின் அடியைப் பிடிக்கும் போல்ட்டின் முன்பக்கம், வேறு. தோட்டாவின் முழு நீளம் 3.34 அங்குலம், உங்கள் குட்டை ஆக்ஷனின் மகஸின் 2.8 அங்குலத்துத் தோட்டாவுக்கு அமைந்தது. குழலை மட்டும் மாற்றுகிறவர் முதலில் பார்க்க வேண்டியது போல்ட் முகத்தைத்தான். உங்கள் போல்ட்டில் உட்காரும் தோட்டாக்கள் .308, .260 ரெமிங்டன், 6.5 கிரீட்மோர், 6 மி.மீ. கிரீட்மோர், .284 வின்செஸ்டர், இன்னும் சில. இந்தக் குடும்பத்துக்குள் தேடுங்கள்.

மே 12

குழல் போய்விட்டது என்று யார் சொன்னது? சிதறல் ஒன்றை மட்டும் வைத்துக் குழலுக்குத் தீர்ப்பு எழுதாதீர்கள். ஸ்கோப்பைப் பிடித்திருக்கும் திருகுகள், ஆக்ஷனைக் கட்டையோடு இணைக்கும் திருகுகள், குழல் வாயின் விளிம்பு, உள்ளே படிந்த செம்பு, அறையின் முன்விளிம்பில் வளையமாக இறுகிய கரி: இவை அனைத்தும் இதே நோயைக் காட்டும். ரொறன்ரோவில் நான் வேலை செய்த இயந்திரப் பட்டறையில் ஒரு நண்பர் புதுக் குழலுக்குப் பணம் கட்டிய பிறகுதான் ஸ்கோப் வளையம் தளர்ந்திருந்ததைக் கண்டுபிடித்தோம்.

குழல் உண்மையில் போயிருந்தால் அதைப் பார்க்க முடியும். குழலுக்குள் பார்க்கும் கருவியான போர்ஸ்கோப்பை உள்ளே விட்டால், அறை முடிந்து சுருள்வரி (சன்னத்தைச் சுழற்றும் வரிகள்) தொடங்கும் தொண்டைப் பகுதி, மழையில்லாத ஆவணியில் வெடித்த குளத்துத் தரையாகத் தெரியும். சன்னம் சுருள்வரியைத் தொடும் இடம் முன்னே நகர்ந்திருக்கும், அதே மருந்துக்கு வேகம் குறைந்திருக்கும். இவை இருந்தால்தான் புதுக் குழல்.

மே 15

தம்பி பார்த்துவிட்டாராம், தொண்டை போய்விட்டதாம். சரி, இப்போது காற்றுக்கு வருவோம். "பெரிய சன்னமும் கூடுதல் மருந்தும்" என்ற வாதத்தில் பாதி உண்மை இருக்கிறது. மற்றப் பாதி பலரையும் தவறான குழலுக்கு இழுத்துப் போயிருக்கிறது.

பக்கக் காற்று சன்னத்தைத் தள்ளும் அளவுக்கு ஒரு பழைய கணக்கு உண்டு. சன்னம் இலக்கை அடைய உண்மையில் எடுத்த நேரத்திலிருந்து, காற்றுத் தடையே இல்லாவிட்டால் எடுத்திருக்கும் நேரத்தைக் கழியுங்கள். மிஞ்சும் தாமதத்தைப் பக்கக் காற்றின் வேகத்தால் பெருக்குங்கள். விலகல் அவ்வளவுதான்.

1000 யார் என்பது 914 மீற்றர். .308இல் 175 கிரெயின் (கிரெயின் என்பது எடை அளவு) சன்னம் வினாடிக்கு 2600 அடி, அதாவது 792 மீற்றர் வேகத்தில் புறப்படுகிறது. தடையில்லாவிட்டால் 1.15 வினாடியில் போய்ச் சேரும். உண்மையில் எடுப்பது ஏறத்தாழ 1.7 வினாடி. தாமதம் அரை வினாடிக்குச் சற்று மேல். மணிக்கு 16 கிலோமீற்றர் பக்கக் காற்றில், அதாவது வினாடிக்கு நாலரை மீற்றரில், விலகல் ஏறத்தாழ 2.4 மீற்றர்.

6.5 கிரீட்மோரில் 140 கிரெயின் சன்னம் 2700 அடியில் புறப்படுகிறது. வேகத்தில் பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் அந்தச் சன்னம் நீண்டு மெலிந்தது, காற்றை எளிதாகக் கிழிக்கும். ஒன்றரை வினாடியில் போய்விடுகிறது. தாமதம் 0.4 வினாடிக்கும் குறைவு. விலகல் 1.7 மீற்றர்.

எடை குறைந்த சன்னம், கோதுக்குள் கொஞ்சம் குறைந்த மருந்து, அப்படியிருந்தும் விலகல் 70 சென்ரிமீற்றர் குறைவு. இதை விளம்பரம் என்று தள்ளிவிட முடியாது.

மே 16

நெல்லியடி ஆசிரியர் ஒருவர் கேட்கிறார்: பறக்கும் நேரம் முழுவதும் காற்றுத் தள்ளிக்கொண்டுதானே இருக்கிறது, பிறகு ஏன் தாமதத்தை மட்டும் பெருக்க வேண்டும்?

ஐயா, சன்னத்தின் மூக்கு தன்னைச் சந்திக்கும் காற்றை நோக்கித் திரும்பிவிடுகிறது. அதன் பிறகு தடை விசை சன்னத்தின் அச்சு வழியாகவே இழுக்கிறது, அந்த இழுப்பில் ஒரு சிறு பங்கு பக்கவாட்டில் விழுகிறது. தடையே இல்லாத சன்னத்தைக் காற்றால் நகர்த்த முடியாது. ஆகவே தடை எவ்வளவு நேரத்தைத் தின்றதோ அந்த நேரத்துக்குத்தான் காற்றும் கணக்குக் கேட்கிறது. உயர்தர மாணவர்களுக்குத் திசையன் வரைந்து காட்டினால் பத்து நிமிடத்தில் பிடித்துக்கொள்வார்கள்.

மே 19

காரைநகரிலிருந்து ஒரு அக்கா எழுதியிருக்கிறார். இந்த மண்ணிலிருந்து துப்பாக்கியைப் பற்றி இவ்வளவு விருப்பத்தோடு எழுதலாமா என்று கேட்கிறார். கேட்க வேண்டிய கேள்விதான் அது.

அந்தச் சத்தம் கேட்காத வீடு எங்கள் பக்கத்தில் இல்லை. எங்கள் வீடும் அப்படித்தான். கனடாவில் முதன்முதலாக ஒரு சுடுதளத்துக்கு அழைத்துப் போனபோது வாசலிலேயே திரும்பிவிட நினைத்தேன். உள்ளே நான் கண்டது வேறு. தரையில் படுத்து மூச்சை அடக்கிக் கொடியையும் கானலையும் பார்த்துக்கொண்டு, ஒரு கிலோமீற்றருக்குச் சற்றுக் குறைந்த தூரத்தில் இருக்கும் கடதாசியைத் துளைக்க முயலும் வயதானவர்கள். உரிமம் இல்லாமல் எவரும் துப்பாக்கி வைத்திருக்க முடியாது. தள அதிகாரி சொல்லாமல் எவரும் போல்ட்டை மூட முடியாது. எனக்கு அதில் பிடித்துப்போனது கணக்கும் கடைச்சல் வேலையும்தான்.

இங்கே சுன்னாகத்தில் என்னிடம் துப்பாக்கி இல்லை, தேவையும் இல்லை. இலங்கையில் 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம் இருக்கிறது, அதை மதிக்கிறேன். நான் எழுதுவது வெளிநாட்டுச் சுடுதளத்தில் கடதாசி இலக்கைப் பற்றி மட்டும். அதற்கு அப்பாற்பட்ட எந்தக் கேள்விக்கும் பதில் தர மாட்டேன். ஏற்கெனவே ஒன்று வந்தது, அதை அப்படியே விட்டுவிட்டேன்.

ஜூன் 2

குழலின் ஆயுளைப் பற்றி இதுவரை ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் 6.5ஐப் புகழ்ந்தது முழுமையாகாது.

.308 கோதுக்குள் ஏறத்தாழ 56 கிரெயின் தண்ணீர் பிடிக்கும், 6.5 கிரீட்மோருக்குள் 52, 53. கிட்டத்தட்ட ஒரே அளவு. ஆனால் 6.5 சன்னத்தின் உண்மையான விட்டம் 0.264 அங்குலம், .308க்குப் பெயரிலுள்ள அதே 0.308. துளையின் பரப்பளவைக் கணக்கிட்டால் 6.5க்கு முக்கால் பங்குக்கும் சற்றுக் குறைவு. ஒரே நெருப்பை ஒடுங்கிய வாய்க்குள்ளால் விரட்டினால் தொண்டை சீக்கிரம் வேகும். போட்டிக்குச் சுடுகிறவர்கள் .308 குழலிலிருந்து 5000 தோட்டா வரை எதிர்பார்க்கலாம். 6.5 கிரீட்மோரில் 2000 முதல் 3000. .284இன் கோதையே கழுத்தில் ஒடுக்கிய 6.5-284 நோர்மாவுக்கு 1000ஐத் தாண்டினாலே மகிழ்ச்சி.

தம்பி ஆண்டுக்கு ஏறத்தாழ 800 தோட்டா சுடுகிறாராம். .308 என்றால் ஆறு பருவம், 6.5 என்றால் மூன்று. குழலின் விலை, அதைப் பொருத்துகிறவரின் கூலி, அவரிடம் வரிசையில் காத்திருக்கும் மாதங்கள் எல்லாவற்றையும் இதில் ஏற்றிப் பாருங்கள். பயிற்சிக்குச் சுடும் ஒவ்வொரு தோட்டாவின் போதும் "குழல் போகிறதே" என்று மனம் பதைக்கிற துப்பாக்கியை ஒருவரும் நிறையச் சுடமாட்டார்கள்.

ஜூன் 3

.260 ரெமிங்டன் பற்றி இருவர் கேட்டார்கள். .308 கோதின் கழுத்தை ஒடுக்கி 1997இல் வந்தது. நல்ல தோட்டா, கிரீட்மோருக்குப் பத்து ஆண்டு மூத்தது. கோது சற்று நீளம் என்பதால் நீண்ட சன்னத்தை மகஸின் அளவுக்குள் அடக்கும்போது அது கோதுக்குள்ளே புகுந்து மருந்தின் இடத்தைப் பிடிக்கிறது. கிரீட்மோர் கோதை 1.92 அங்குலமாகக் குட்டையாக்கினார்கள், இடம் கிடைத்தது. வீட்டில் .260 கோதுகள் குவிந்திருந்தால் தொடருங்கள். புதிதாகத் தொடங்க இன்று காரணம் இல்லை.

ஜூன் 16

மெல்பேர்னில் இருக்கும் நண்பர் நான் மகஸின் நீளத்தையே கட்டிப்பிடித்துக்கொண்டிருப்பதாகச் சொல்கிறார். எஃப்-கிளாஸ் போட்டியில் (துப்பாக்கியைத் தாங்கியில் வைத்துச் சுடும் நெடுந்தூரப் போட்டி) தோட்டாக்களை ஒவ்வொன்றாகக் கையால் இடுகிறோம், மகஸினுக்கு அங்கே என்ன வேலை என்கிறார். நியாயமான பேச்சு. அவர் சுடுவது .284 வின்செஸ்டர், 180 கிரெயின் சன்னம். 7 மி.மீ. என்று சொன்னாலும் சன்னத்தின் விட்டம் 0.284 அங்குலம், அதாவது 7.2 மி.மீ. 1963இல் வேட்டைக்காக வந்து விற்பனையில் தோற்ற தோட்டா, இன்று எஃப்-கிளாஸின் ஒரு பிரிவான எஃப்-ஓப்பன் வரிசைகளில் எங்கும் படுத்திருக்கிறது. காற்றில் 6.5 கிரீட்மோரையும் முந்தும்.

ஆனால் தம்பியின் குட்டை ஆக்ஷனில் ஒரு தொல்லை மிஞ்சும். கையால் இடலாம், சுடலாம். சுடாத தோட்டாவை வெளியே எடுக்க வேண்டி வந்தால் நீளமாக அமர்த்திய சன்னத்தின் முனை ஆக்ஷனின் விளிம்பில் முட்டும். தள அதிகாரி "துப்பாக்கியை வெறுமையாக்கு" என்று சொல்லும் நேரத்தில் போல்ட்டோடு மல்லுக்கட்டுவது நல்ல நிலை அல்ல. நீண்ட ஆக்ஷன் வைத்திருப்பவருக்கு .284ஐத் தயங்காமல் சொல்வேன்.

ஜூன் 30

சோளகக் காற்று தொடங்கிவிட்டது. பறவை பார்க்கும் தொலைநோக்கியோடு தொண்டைமானாற்றுப் பக்கம் போய்வந்தேன். பறவைகள் குறைவு, கானல் நிறைய. தம்பிக்கு இதைக் கட்டாயம் எழுத வேண்டும் என்று வரும் வழியெல்லாம் நினைத்தேன்.

தொலைநோக்கியை இலக்கில் கூர்மையாக்கிவிட்டுப் பிறகு சற்றுக் கிட்டத்துக்கு இழுங்கள். கானல் ஆறு போல ஓடுவது தெரியும். மெல்லிய காற்றில் அலை உயரமாகச் சரிந்து ஓடும், காற்றுக் கூடக்கூடத் தட்டையாகும். மணிக்கு 20 கிலோமீற்றரைத் தாண்டினால் கோடாகப் படுத்துவிடும், அதற்கு மேல் கானலிலிருந்து வேகத்தைப் பிரித்தறிய முடியாது, கொடியைத்தான் நம்ப வேண்டும். கானல் நேராக மேலே கொதித்தால் காற்று இல்லை, அல்லது முகத்துக்கு நேரே, அல்லது முதுகுக்குப் பின்னால். அந்த வேளையில் சுடாமல் பொறுங்கள். அடுத்த கணம் அது எந்தப் பக்கம் சாயும் என்று தெரியாது.

இன்னொன்று. சன்னம் பார்வைக் கோட்டிலேயே போவதில்லை. 1000 யாருக்கு .308இன் பாதை நடுவில் மூன்றரை, நான்கு மீற்றர் மேலே எழும்புகிறது. அங்கே காற்று தரையில் இருப்பதைவிடக் கூட. பொங்கலன்று வல்வெட்டித்துறைக் கடற்கரையில் பட்டம் ஏற்றுகிறவர்களிடம் கேளுங்கள். தரையில் தூங்கும் காற்று மேலே எப்படி இழுக்கும் என்று அவர்களுக்குத் தெரியும்.

இப்போது மே 15இல் போட்ட கணக்குக்குத் திரும்புங்கள். எஃப்-கிளாஸ் இலக்கில் 1000 யாருக்கு நடுவட்டம் 5 அங்குலம், அதைச் சுற்றிய வட்டம் 10 அங்குலம். காற்றை மணிக்கு வெறும் 1.6 கிலோமீற்றர் தவறாக மதித்தால் .308இன் 175 கிரெயின் சன்னம் 24 சென்ரிமீற்றர் தள்ளிப் போகும். 6.5இன் சன்னம் 17 சென்ரிமீற்றர். 10 அங்குல வட்டத்தின் ஆரம் 12.7 சென்ரிமீற்றர்தான். இரண்டுமே வெளியே! தோட்டாவை மாற்றி வாங்கும் ஏழு சென்ரிமீற்றரைக் காற்றைப் படிக்கப் பழகினால் குழல் மாற்றாமலே வாங்கலாம், அதற்கு மேலும் வாங்கலாம். அதனால்தான் குழலின் ஆயுளை நான் இவ்வளவு பெரிதாக நினைக்கிறேன்.

ஜூலை 7

முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய கேள்வியைத் தம்பியிடம் இன்று கேட்டேன். யாரோடு சுடப் போகிறீர்கள்? அவருடைய கழகத்தில் பெரும்பாலோர் எஃப்-கிளாஸின் மற்றப் பிரிவான எஃப்-டிஆர். ஒட்டாவாவில் உள்ள கொனாட் தளத்துப் போட்டிகளுக்கும் போக ஆசை. அங்கே போட்டிகளை நடத்துவது 1868இல் தொடங்கிய டொமினியன் ஒஃப் கனடா ரைபிள் அசோசியேஷன்.

எஃப்-டிஆர் விதி தெளிவானது: .308 வின்செஸ்டர் அல்லது .223 ரெமிங்டன். வேறு எதற்கும் இடமில்லை. துப்பாக்கி இருகால் தாங்கியோடு சேர்த்து 8.25 கிலோ வரை. 6.5 போட்டால் அவர் எஃப்-ஓப்பன் பிரிவில் விழுவார், அங்கே 10 கிலோ வரை துப்பாக்கி, முன்னே கனமான தாங்கி, பக்கத்தில் .284. குட்டை ஆக்ஷன் ரெமிங்டனில் 6.5 கிரீட்மோரை வைத்துக்கொண்டு அந்த வரிசையில் படுப்பவர் ஒவ்வொரு காற்றிலும் பின்தங்கியே தொடங்குவார்.

ஆகவே நான் மே மாதம் முழுவதும் 6.5 பக்கம் சாய்ந்து எழுதியது தனியாகச் சுடுபவருக்குப் பொருந்தும். இந்தத் தம்பிக்கு .308தான்.

ஜூலை 8

".308க்கே திரும்புவதென்றால் 70 சென்ரிமீற்றரை இழந்துவிட்டேனா?" என்று கேட்கிறார். இல்லை. அந்தக் கணக்கு 175 கிரெயின் சன்னத்துக்கு. இப்போது எஃப்-டிஆர் வரிசையில் 200 கிரெயின் நீண்ட சன்னம் சுடுகிறார்கள். 30 அங்குலக் குழலிலிருந்து 2650 அடி வேகத்தை எட்டினால் அதன் விலகல் 6.5 கிரீட்மோருக்கு மிக அருகில் வந்துவிடும். விலை உதையில் இருக்கிறது. கனத்த சன்னம் துப்பாக்கியைத் தாங்கியின் மேல் புரட்டப் பார்க்கும், ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரித் தோளில் வாங்கப் பழக வேண்டும். குழல் ஆயுள் .308இன் ஆயுள்தான்.

168 கிரெயின் சன்னத்தை மட்டும் 1000 யாருக்குக் கொண்டுபோகாதீர்கள். குறுகிய தூரத்தில் தங்கம். ஒலியின் வேகத்துக்கு இறங்கும்போது தள்ளாடும் பழக்கம் அதற்கு உண்டு. ஏப்ரலில் ஒட்டாவாவின் குளிர்க் காற்று அடர்த்தியானது, இன்னும் சீக்கிரம் அந்த இடத்துக்கு இழுத்து வந்துவிடும். எங்கள் ஊர்க் காற்று இதற்கு நேர்மாறு. சூடும் ஈரமும் சேர்ந்த காற்று கனமென்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது இலேசானது.

ஜூலை 21

.223 போடலாமா? விதி இடம் தருகிறது. போல்ட் முகம் 0.378 அங்குலம், ஆகவே போல்ட் மாற்ற வேண்டும். உதை மிகக் குறைவு, காற்றைப் படிக்கப் பழக அருமையான தோட்டா. 1000 யாரில் .308க்குப் பக்கத்தில் போட்டியிட மிகத் தேர்ந்த கை வேண்டும்.

ஆகஸ்ட் 18

நல்லூர்த் திருவிழாக் கூட்டத்துக்குள் பதில் எழுத நேரம் கிடைக்கவில்லை. தம்பி குழலுக்குச் சொல்லிவிட்டாராம், விவரத்தை அனுப்பியிருந்தார். 416ஆர் துருப்பிடிக்கா உருக்கு, 30 அங்குலம், வெட்டிச் செதுக்கிய சுருள்வரி. எல்லாம் நல்லது. முறுக்கு (சுருள்வரி ஒரு சுற்றுச் சுற்ற எடுக்கும் நீளம்) என்ற இடத்தில் "பழையபடி" என்று எழுதியிருக்கிறார்! பழைய குழல் 12 அங்குலத்துக்கு ஒரு சுற்று. அது 200 கிரெயின் நீளச் சன்னத்தை நிலைநிறுத்தாது. 10 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்று உடனே மாற்றச் சொல்லுங்கள். தொண்டையையும் அந்தச் சன்னத்துக்கே வெட்ட வேண்டும். மருந்தில்லாத ஒரு மாதிரித் தோட்டாவைச் செய்து, சன்னத்தை நீங்கள் விரும்பும் ஆழத்தில் அமர்த்தி, குழல் பொருத்துகிறவர் கையில் கொடுங்கள். வாயால் சொல்வதைவிட அது தெளிவு.

என் தொழில் சார்ந்து ஒன்று. கடைச்சல் இயந்திரத்தில் அறை வெட்டும்போது குழலின் வெளிவட்டத்தை மையமாக வைப்பதா, துளையை வைப்பதா என்று அவரிடம் கேளுங்கள். நீளத் துளை எந்தக் குழலிலும் கொஞ்சம் வளைந்தே போகிறது. சிறு விலகலையும் காட்டும் டயல் இண்டிகேட்டரின் முனையைத் துளைக்குள்ளேயே விட்டு, தொண்டை வரப்போகும் இடத்தை மையப்படுத்துகிறவர் என்றால் நிம்மதியாகக் கொடுங்கள். தண்ணீர்ப் பம்பின் அச்சு ஒரு நூல் விலகினால் சத்தம் போட்டுக் காட்டிக்கொடுத்துவிடும். குழல் காட்டிக்கொடுக்காது, இரண்டு பருவம் உங்களையே சந்தேகப்பட வைக்கும்.

செப்டெம்பர் 8

குழல் பொருத்தி வந்துவிட்டது என்று படம் அனுப்பியிருக்கிறார். முறுக்கு 10, நன்று. சுடுவதற்கு முன் ஹெட்ஸ்பேஸ் (பூட்டிய அறைக்குள் தோட்டா அமரும் இடத்தின் நீளம்) அளவிகளைக் கேட்டு வாங்கி நீங்களே பாருங்கள்: "கோ" அளவியில் போல்ட் தடையில்லாமல் மூட வேண்டும், "நோ-கோ" அளவியில் மூடக்கூடாது. பழைய குழலில் சுட்ட கோதுகள் புது அறைக்குள் இறுகலாம், அளவு குறுக்கும் அச்சில் முழுதாக அழுத்தி எடுத்த பிறகே நிரப்புங்கள். மருந்தைப் பழைய அளவிலிருந்து தொடங்க வேண்டாம். புது அறை, புதுத் தொண்டை, கனத்த சன்னம். கையேட்டில் 200 கிரெயினுக்குப் போட்டிருக்கும் தொடக்க அளவிலிருந்து மேலே ஏறுங்கள். முதல் நூறு, இருநூறு தோட்டாவில் புதுக் குழல் பெரும்பாலும் தானாகவே கொஞ்சம் வேகம் கூடும், அது நிலைக்கும் வரை இறுதி அளவை முடிவு செய்யாதீர்கள்.

முதல் நூறு தோட்டாவின் வேகங்களை எழுதி அனுப்புங்கள், தம்பி.